பல்லாவரத்துக் கல்லும் வேட்டைச் சுமையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் ஏறி, சானடோரியம், குரோம்பேட்டை என்னும் இரு நிலையங்களையும் கடந்தால் அடுத்து வருவது பல்லாவரம். அங்கு இறங்குவோருள் பெரும்பாலோர் வேலையின் பொருட்டோ வெள்ளிக்கிழமைச் சந்தையின் பொருட்டோ இறங்குவர். ஊரைப் பார்ப்பதற்கென்றே இறங்குவோர் அரியர். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பார்க்கு விடை கூறுவதும் எளிதன்று. வெட்டுண்ட பாறைக் குன்றுகள் நிற்கின்றன. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை ஒன்று, இன்று இசுலாமிய அன்பர்களின் தர்காவாகத் திகழ்கின்றது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் வீட்டு மாடிகளை உரசுவனபோலத் தாழ்ந்து செல்கின்றன. இவற்றை அரைநாளில் கண்டு முடித்துவிடலாம்.

நாம் அங்குச் சென்றது வேறொன்றின் பொருட்டு. உலகப் புகழ்பெற்ற ஒரு கல் அவ்வூரில் கண்டெடுக்கப்பட்டது என்பதை நம் பங்கின் இளைஞர் சிலரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கூறினோம். அவர்களோ, "எங்கே சாமி அந்த இடம்? காட்டுங்கள்" என்று பிடித்துக்கொண்டனர். பல்லாவரத்திலேயே பிறந்து வளர்ந்த இருவரும் அக்கூட்டத்தில் இருந்தனர்; அவர்களும் அதனைக் கேள்வியுற்றதில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமைக் காலையில் எண்மராகப் புறப்பட்டோம்.

அந்த வரலாறு இதுதான். இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் இந்திய நிலவியல் அளவைத் துறையில் 1858-ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த ஆங்கிலேயர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படையணி மைதானத்தில் தோண்டப்பட்டிருந்த சரளைக் குழி ஒன்றில், மனிதன் தன் கையால் கொத்திச் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதுகூட நிரம்பவில்லை. இந்நாட்டில் பழைய கற்கால மக்கள் வாழ்ந்தனர் என்பதற்குக் கிடைத்த முதற்சான்று அதுவே. அடுத்த சில மாதங்களில், அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங் என்பவரும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்களை மிகுதியாகக் கண்டனர். ஃபுட் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றுக்கொண்டது. இந்த ஃபுட்டின் மாமனார் யாரென்று அறிந்தால் வாசகர் வியப்பர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரே அவர். மாமனார் தமிழ்ச் சொற்களைப் பொறுக்கினார். மருமகன் தமிழ்நாட்டுக் கற்களைப் பொறுக்கினார்.

மைதானம் இருந்த பகுதி படைத்துறைக்குரியது. நினைத்தபடி உள்ளே நுழைய இயலாது. சாலையில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினோம். இளைஞர்களுக்கு ஏமாற்றமே. அவர்களுள் ஒருவன் இறைச்சிக் கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன்தான் கேட்டான்: "சாமி, அந்தக் கல்லை வைத்து என்ன செய்தார்கள்?"

"வேட்டையாடிய விலங்கை அறுத்திருப்பர்" என்றோம்.

"அறுப்பது சரி. அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்?"

இக்கேள்வியை நாம் எந்நூலிலும் கண்டதில்லை. நூல்களில் வேட்டைக்காரன் ஈட்டியை ஓங்கி நிற்பான், விலங்கு வீழும், அடுத்த படத்தில் நெருப்பைச் சுற்றி அனைவரும் அமர்ந்திருப்பர். இடையில் நிகழ்ந்தது யாது? நாள்தோறும் மாட்டுத்தொடையைத் தோளில் ஏற்றி இறக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே அந்த ஐயம் எழுந்தது.

கைக்கோடரி எனப்படும் அக்கருவி பெரும்பாலும் ஒரு கைக்குள் அடங்குவது. மாங்கொட்டை போன்ற வடிவினது. இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, ஓரம் கூர்மை பெற்றிருக்கும். தொல்லியலார் சாந்தி பப்பு அவர்களும் அவர்தம் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுத்த இத்தகைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிடப்பட்டது. பல்லாவரத்துக் கல்லுக்கு அவ்வயதை நேரே சூட்டிவிட முடியாது. ஆயினும் அது அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அத்திரம்பாக்கத்து மண்ணில் விலங்குகளின் காலடித் தடங்களும் சில பற்களும்கூடக் கிடைத்துள்ளன. அம்மக்கள் விலங்கைக் கொன்று உண்டனரோ, பிற விலங்குகள் விட்டுச் சென்றதை அறுத்து உண்டனரோ என்று அறிஞர் இன்னும் வாதிடுவர். எவ்வாறாயினும், ஒரு காட்டெருமையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ள எவராலும் ஆகாது. அதனைச் சுமையாக்க வேண்டும். மூட்டைக் கழற்ற வேண்டும். தோலை உரிக்க வேண்டும். தசையை எலும்பினின்று பிரிக்க வேண்டும். கைக்கோடரி இப்பணிக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை இங்கிலாந்தில் செய்தே பார்த்துள்ளனர். பாக்ஸ்குரோவ் என்னுமிடத்தில், ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆண்டுகட்கு முன் குதிரையொன்று கற்கருவிகளால் அறுக்கப்பட்ட இடத்தை அகழ்ந்த அறிஞர்கள், தொழில்முறைக் கசாப்புக்காரர் ஒருவரிடம் புதிதாகச் செதுக்கிய கைக்கோடரியைத் தந்து மானை அறுக்கச் செய்தனர். கல் நன்றாகவே வேலை செய்தது.

அக்கேள்வி நம்மை விடாமல் பற்றிக்கொண்டமைக்கு இரு காரணங்கள் உண்டு. முதற்காரணம், குருமடத்தில் நம்முடன் பயின்ற நண்பரின் கடிதம். அவர் இப்போது கனடாவின் வடபகுதியில், பூர்வகுடி மக்கள் வாழும் சிறிய பங்கொன்றில் பணியாற்றுகின்றார். இட்டலிக்கு ஏங்கி எழுதும் கடிதங்களுக்கிடையே ஒருமுறை வேட்டையைப் பற்றி நீண்டதொரு கடிதம் வரைந்திருந்தார். அங்கு மூஸ் என்றொரு விலங்கு உண்டு. மான் இனத்துள் மிகப் பெரியது. தோளுயரமே ஆறடியைத் தாண்டும். அதன் கொம்பு, விரல் விரித்த உள்ளங்கையை ஒத்திருக்கும். நன்கு வளர்ந்த கடா 700 கிலோ வரை நிறுக்கும். குடலும் தோலும் தலையும் எலும்பும் நீக்கிய பின்னரும் 200 கிலோவுக்கு மேல் இறைச்சி தேறும்.

"சுடுவது ஒரு நிமிட வேலை, அதன் பிறகுதான் வேட்டை தொடங்குகிறது" என்று நண்பர் எழுதியிருந்தார். கணக்கைப் பாருங்கள். ஓர் ஆள் முதுகில் 40 கிலோ சுமக்கின்றான் என வைத்துக்கொண்டால், 225 கிலோ இறைச்சிக்கு ஆறு நடை. இடையே வெறுங்கையுடன் திரும்பும் நடை ஐந்து. விலங்கு வீழ்ந்த இடம் இரண்டு கல் தொலைவாயின், ஒருவனே சுமந்தால் 22 கல் நடக்க வேண்டும். அதுவும் சேற்றிலும் புதரிலும். ஆகவே அங்குள்ள முதியோர், இளையோர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும்போதே, விலங்கு எத்துணை அண்மையில் நிற்கின்றது என்று பாராமல், படகோ வண்டியோ எத்துணைத் தொலைவில் நிற்கின்றது என்று பார்க்கச் சொல்வராம். சதுப்பு நீரில் நிற்கும் கடாவைச் சுட விடார். அங்கு வீழ்ந்தால் எடுப்பது எங்ஙனம்?

குளிர்நாடாயினும் இறைச்சி காத்திராது. தோல் போர்த்தியிருக்கும்வரை உட்சூடு தணியாது. தொடையெலும்பு இடுப்பிற் சேரும் மூட்டருகேதான் முதலில் கெட்டு நாறத் தொடங்கும். ஆகையால் உடனே தோலுரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பைகளில் இட்டு, காற்றுப்படும் நிழலில் கம்புகளின் மேல் தொங்கவிடுவர். ஒவ்வொரு நடைக்கும் இடையில் எஞ்சியவற்றைக் கரடி தேடி வராமலும் காக்க வேண்டும்.

அக்கடிதத்தில் நம் நெஞ்சைத் தைத்த செய்தி வேறு. கனடாவை அடுத்த அலாஸ்கா மாநிலத்தில், உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது தண்டனைக்குரிய குற்றமாம். இறைச்சி முழுதும் வெளியேறும்வரை கொம்பு அவ்விடத்தை விட்டு அசையலாகாது. இறுதிச் சுமையோடுதான் அது வர வேண்டும். இதற்குச் சட்டம் வகுக்க நேர்ந்தது எதனால் என்பதை நாம் நன்கறிவோம். அதுவே இரண்டாம் காரணம். அதைக் கூறச் சிறிது நாணம் உண்டு, எனினும் கூறிவிடுகின்றோம்.

1992-ஆம் ஆண்டு. குருமடத்தில் பயின்றுகொண்டிருந்த நம்மைக் கோடை விடுமுறையில் மலைமேலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு, அங்குள்ள சிற்றாலயத் திருவிழாவில் உதவுமாறு அனுப்பியிருந்தனர். விழா விருந்துக்கென்று தொழிலாளர் காசு சேர்த்துக் கீழே சந்தையில் ஒரு காளையை வாங்கி, குறுக்குப் பாதையில் ஓட்டி வந்தனர். கோடை மழை பெய்து பாதை வழுக்கியது. காளை சறுக்கி ஓடைப் பள்ளத்தில் வீழ்ந்து முன்னங்கால்கள் இரண்டும் முறிந்தன. அதனை மேலேற்ற வழியில்லை. கசாப்புத் தெரிந்த ஒருவர் இறங்கிச் சென்று அங்கேயே அறுத்தார். விடிந்தால் விருந்து. பள்ளத்திலிருந்து லயன் வீடுகளுக்கு ஒரு கல் தொலைவு, முற்றிலும் ஏற்றம்.

ஆடவர் அறுவரும் பெண்டிர் நால்வரும் இறங்கினர். இருபத்திரண்டு வயது இளமையின் முறுக்கில் நாமும் இறங்கினோம். அவர்கள் வேலை செய்த நேர்த்தி இன்றும் கண்முன் நிற்கின்றது. வாழையிலையை விரித்து அதன்மேல் தசையைக் கூறு போட்டனர். விலாப்பகுதியைக் கம்பில் கோத்து இருவர் தோளேற்றினர். பெண்டிர், கொழுந்து பறிக்கும் தம் கூடைகளையே கொண்டு வந்திருந்தனர். கூடைக்குள் இலையைப் பரப்பி, எலும்பு நீக்கிய இறைச்சியை நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, இரு கைகளும் வீசி எளிதாய் ஏறினர். ஆடவர் தோளில் சுமந்து திணறியதைக் காட்டிலும் அவர்கள் சுமந்ததே மிகுதி. நெற்றிப்பட்டையில் சுமை தூக்கும் இதே முறையை வட அமெரிக்கப் பூர்வகுடியினரும் கையாண்டனர் என்பதைப் பின்னர் அறிந்தோம். சுமை முதுகெலும்பின் நேர்க்கோட்டில் இறங்குவதே அதன் நுட்பம்.

நாம் எதை எடுத்தோம்? காளையின் தலையை. அகன்ற கொம்புகளுடன் அது பார்வைக்குப் பெருஞ்சுமையாய்த் தோன்றியது; உண்மையில் ஒரு கூடையின் பாதி எடைகூட இராது. கொம்புகளைப் பிடித்துத் தோளில் ஏற்றிக்கொண்டு முதலாளாக மேலே போய்ச் சேர்ந்தோம். சிறுவர் கூச்சலிட்டனர், கொட்டு முழங்கியது, யாரோ சுடச்சுடத் தேநீர் தந்தனர். கீழே இன்னும் சுமைகள் கிடந்தன. இரண்டாம் நடைக்கு நாம் இறங்கவில்லை. களைப்பு என்று அமர்ந்துவிட்டோம்.

நமக்குரிய அந்த நடையை, அறுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர் நடந்தார். பின்தொடை ஒன்றைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, இருட்டும் வேளையில் வந்தவர், கடைசி ஏற்றத்தில் கால் வழுக்கிச் சுமையோடு விழுந்தார். இடுப்பில் பட்ட அடி ஆறவேயில்லை. அதன்பின் அவர் கவாத்துக் கத்தி பிடிக்கவில்லை.

விழா முடிந்த மறுநாள் அவரைக் காணச் சென்றோம். பாயில் சாய்ந்து படுத்திருந்தார். நாம் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவரே சிரித்துக்கொண்டு கூறினார்: "விடுங்க பிரதர். தல வந்திருச்சுன்னா மாடே வந்திருச்சுன்னு சனங்க நெனைக்கும். காலும் வரணும்ல?"

நாம் அருகமர்ந்திருந்தோம். அவர் மனைவி குழம்பு ஊற்றிச் சோறு பரிமாறினார். அது அவர் சுமந்த தொடையின் கறி. உண்டோம், உண்ணாமலிருந்தால் அவர்கள் வருந்துவர். குருமடம் திரும்பிய பின் இருமுறை கடிதம் எழுதினோம். ஒருமுறை சிறுதொகை அனுப்பினோம். அடுத்த ஆண்டு அவர் மகன், அப்பா கீழே ஊருக்கே போய்விட்டார் என்று மறுமொழி வரைந்தான். அத்துடன் சரி. நாமும் எழுதவில்லை.

பல்லாவரத்துச் சாலையில் அந்த இளைஞன் கேட்டபோது, இவையெல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன. ஆயினும் அவனுக்கு விடை கூற வேண்டுமே! நிழல் தேடிக் குன்றின் அடிவாரத்தில் அமர்ந்து பேசினோம். கூடை இல்லாத காலம். கயிறு இருந்ததோ இல்லையோ, மண்ணில் அது நிலைப்பதில்லை. உரித்த தோலே அவர்களுடைய பையாக இருந்திருக்கலாம். கம்பு இருந்திருக்கும். இது நம் ஊகமே. ஆனால் வெயில் ஊகமன்று. ஃபுட் அந்தக் கல்லை எடுத்தது மே மாதக் கடைசி. கத்திரி வெயில் விட்டும் விடாத நாள். அத்தகைய வெயிலில் இறைச்சி சில மணி நேரமே தாங்கும். பத்து நடை சுமந்து செல்லக் காலம் இராது.

அக்குடும்பத்துப் பையன் உடனே, "உப்புக்கண்டம் போட்டிருப்பார்கள்" என்றான். நாம் நகைத்தோம், பிறகு எண்ணிப் பார்த்தால் அவன் சொன்னதில் பொருள் உண்டு. இறைச்சியின் எடையில் முக்காற்பங்கு நீரே. மெல்லிய கீற்றுகளாய் அரிந்து வெயிலில் உலர்த்தினால் மூன்று ஆள் சுமை ஓராள் சுமையாகும், கெடவும் கெடாது. நம் பாட்டிமார் மஞ்சளும் உப்பும் தடவிக் கொடியில் தொங்கவிட்டது சேமிப்புக்காக மட்டுமே என்று நினைத்திருந்தோம். தொலைவழிச் சுமைக்கும் அதுவே வழி. மற்றொரு வழியும் உண்டு. நடு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ம்புட்டி மக்கள், யானை வீழ்த்தப்பட்டால் அதைச் சுமக்க முயல்வதில்லை. குழந்தை குட்டிகளுடன் குடியிருப்பையே யானைக்கருகில் பெயர்த்துக்கொண்டு போய்விடுவர். சுமையை வீட்டுக்குக் கொணர முடியாதபோது வீடு சுமையிடம் போகின்றது. பல்லாவரத்திலும் அவ்வாறே நிகழ்ந்திருக்குமோ, யார் கண்டார்?

சங்க காலத்துக்கு வந்தால் நமக்குச் சான்றே இருக்கின்றது. புறநானூற்றின் 33-ஆம் பாடலில் கோவூர் கிழார் ஒரு காட்சியைக் காட்டுவார். வேடன், மான் தசையை வட்டி என்னும் ஓலைக்கூடையில் சுமந்து வந்து கொட்டுகின்றான். உழவர் வீட்டுப் பெண்டிர் அதற்கு மாறாக வெண்ணெல்லை முகந்து தருகின்றனர். வேட்டையைப் பாடிய புலவர் பலர். கூடையை நினைவில் வைத்த புலவரை நாம் வணங்குகின்றோம். இன்று நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அது நன்றே. எனினும் சுமை ஒழிந்தபாடில்லை.

நாம் சாய்ந்து அமர்ந்திருந்த பாறையே ஒரு சுமையின் கதையை உடையது. கல்கத்தாவைத் தோற்றுவித்தவர் எனப்படும் ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். அவர் கல்லறை மேல் கிடக்கும் கருங்கல்லை 1893-இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார், அது பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையே என்று கண்டு, அவ்வகைப் பாறைக்குச் சார்னாகைட் என்று பெயரிட்டார். உலகமெங்கும் நிலவியல் மாணவர் இன்று அப்பெயரைப் பயில்கின்றனர். இக்குன்றில் கல்லை உடைத்தவர் யார், அதனைக் கரைவரை இழுத்துச் சென்றவர் யார் என்பதற்குப் பெயரில்லை. சார்னாக் மட்டும் பாறைக்குள்ளும் புகுந்துகொண்டார்.

வெயில் ஏறவே எழுந்தோம். இளைஞரை இரயிலேற்றி அனுப்பிவிட்டு, நாம் மட்டும் அடுத்த வெள்ளியன்று மீண்டும் பல்லாவரம் சென்றோம். பழைய டிரங்க் சாலையில் கூடும் சந்தையில் பழைய இரும்பு, நாற்காலி, புறா, ரோசாச் செடி, கருவாடு என எதுவும் கிடைக்கும். நமக்கு ஒரு தேயிலைக் கூடை கிடைக்குமோ என்று தேடினோம், கிடைக்கவில்லை. தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிய முதியவர் ஒருவர், பெரிய இரும்பு அலமாரிக் கதவு ஒன்றின் பக்கத்தில் நின்று இருபுறமும் பார்த்துக்கொண்டிருந்தார். நம் வெள்ளை அங்கியைக் கண்டு தயங்கினார். பிறகு, "ஒரு கை பிடிங்க சாமி, தலைக்கு ஏத்திவிட்டாப் போதும்" என்றார்.

பிடித்து ஏற்றினோம். எங்கே கொண்டுபோக வேண்டும் என்று வினவினோம். இரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்றார். மற்றொரு கதவும் கீழே கிடந்தது. அதற்கும் இவரே திரும்பி வர வேண்டுமாம். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் ஒரு முனையைப் பிடித்தோம். மறுமுனைக்குச் செடி விற்கும் பையன் வந்தான்.